உடன் வந்தவர்

அவசரப் பிரிவில் கேட்கப்படும் முதல் கேள்வி "என்ன ஆச்சு?" என்பது. அன்றிரவு அந்தக் கேள்விக்கு மூன்று பேர் பதில் சொன்னோம். இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழைக்காலத்தில் நடந்தது இது. அணுபுரம் நகரியத்தில் எங்கள் வீட்டில் வேலை செய்பவள் அவள். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தாள். இரவு ஒன்பதரை மணிக்குக் கணவனுடைய வண்டியின் பின்னால் நனைந்தபடி வந்து இறங்கினாள். "வழுக்கி வுழுந்துட்டா சார், கை வீங்கிக்கினே போவுது" என்றான் அவன். நாங்கள் காரை எடுத்தோம். மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்டபோது கணவன் முதலில் சொன்னான்: "படியில வழுக்கிட்டா சார்." அவர் அவள் பக்கம் திரும்பி மறுபடி கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். "மழைக்குப் படியெல்லாம் பாசி பிடிச்சிருக்கும் டாக்டர்."

அந்தப் படியை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்கே போனதில்லை. பின் எதற்காக அப்படிச் சொன்னோம்? சீக்கிரம் சிகிச்சை நடக்கட்டும் என்றுதான், கூட்டத்தின் நடுவே அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் என்று பிற்பாடு பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். எதுவும் நிற்கவில்லை. கதை ஒன்று தயாராக இருந்தது, அதற்கு வேண்டிய பாசியை நாங்கள் கொடுத்தோம். உள்ளது அவ்வளவுதான்.

நடுத்தர வயதுச் செவிலியர் ஒருவர் அங்கே இருந்தார். அதுவரை பேசாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எக்ஸ்ரேக்கு முன்னாடி யூரின் டெஸ்ட் எடுக்கணும். எல்லாரும் வெளியில இருங்க" என்றார். கணவன், "நானும் கூட இருக்கேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். "பொம்பளைங்க இடம்பா" என்று கதவைச் சாத்தினார். கூடவே நின்ற எங்களிடம், "நீங்களும்தாம்மா" என்றார். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அந்த இருபது நிமிடத்தில் அவள் சொன்னதை நாங்கள் ஆறு ஆண்டுகளில் கேட்டதில்லை.

உண்மையில் கையே முன்பாகச் சொல்லியிருந்தது. வழுக்கி விழுகிறவர் தம்மையறியாமல் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவார். பெரும்பாலும் மணிக்கட்டருகில் முறியும். இவளுக்கு முறிந்திருந்தது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. தலைமேல் இறங்கும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கிப் பாருங்கள். எந்த எலும்பு முன்னால் நிற்கிறது என்பது தெரியும். மேற்கையின் உட்புறத்தில் கன்றிய தழும்புகள் வேறு இருந்தன. கன்றலின் நிறத்தை வைத்து இத்தனை நாள் பழையது என்று கணக்கிட்ட காலம் ஒன்று உண்டு. அது நம்பத்தக்கதல்ல என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். நிறத்தைவிட இடம்தான் அதிகம் பேசுமாம். விழுந்தால் முட்டியும் முழங்கையும் நெற்றியும் அடிபடும். காதின் பின்புறமும் மேற்கையின் உட்புறமும் தொடையின் பின்புறமும் அவ்வளவு எளிதில் அடிபடுவதில்லை.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை (950) வகுப்பில் நாங்கள் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். மருத்துவத்துக்கு நான்கு கூறுகள்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். இந்த உழைச்செல்வான், அருகிருந்து பணிவிடை செய்பவன். பரிமேலழகர் ஒவ்வொன்றையும் நான்காக விரிக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் கேட்கும் தகுதிகள், நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமை, அறிவு. மொழியின் தூய்மை! பாசி பிடித்த படியை நினைத்துக்கொள்கிறோம். நோயுற்றவனுக்கு அவர் சொல்லும் நான்கில் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல். சரக சம்ஹிதையும் இதே நான்கு பாதங்களைத்தான் சொல்கிறது. ஆனால் நோயாளிக்கு அது கேட்கும் குணங்களில் நினைவாற்றலும் அச்சமின்மையும் சேர்ந்திருக்கின்றன. அச்சமின்மை ஏன் நோயாளியின் குணமாக வேண்டும் என்று முன்பெல்லாம் விளங்கியதில்லை.

உரைகளின் காலத்தில் இது நோயாளிக்குரிய இலக்கணமாக இருந்திருக்கலாம். இன்று ஓர் அவசரப் பிரிவின் வாசலில் நின்று பார்த்தால், வருகிறவர்களில் பலருக்கு இந்த நான்கில் ஏதோ ஒன்று இல்லை. மறதி நோயுள்ள முதியவருக்கு நினைவு இல்லை. அடிபட்ட மனைவிக்கு அச்சமின்மை இல்லை. பேச்சு வராத பிள்ளைக்கு எடுத்துரைக்கும் வழி இல்லை. அங்கெல்லாம் உடன் வந்தவர்தான் நோயாளியின் நாக்கு. அந்த நாக்கு பொய் சொன்னால், அல்லது அந்த நேரம் பார்த்துப் பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தால்?

இரண்டாவது எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் அத்தைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் வந்த வண்டி மோதி, அவரைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெயர் வேண்டாம். நாங்கள் வேறு வண்டியில் பின்னால் போய்ச் சேர்ந்து, ரசீது போடும் இடத்தில் நிறுத்தப்பட்டோம். உள்ளே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், கண்ணைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். நினைவின் ஆழத்தை அளக்க 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கண் திறப்பதற்கு நான்கு, பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு, ஆகப் பதினைந்து மதிப்பெண். அத்தை வலியில் கண்ணை இறுக மூடியிருந்தார். அழைப்பு கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் பேசியிருக்க முடியாது. மதிப்பெண் பாதிக்குப் பக்கத்தில் போய்விட்டது. தலைக்குள் ரத்தக்கசிவு என்று ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்ததைப் பார்க்க மேலும் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அதைவிட எங்களை உறுத்துவது வேறொன்று. நாங்கள் உள்ளே போனபோது அவருடைய வலது கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றி, அசையாதபடி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அத்தை பேசுவது அந்தக் கையால்தான். இடது கையால் அவர் மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தார். முரண்டு பிடிக்கிறார் என்று எண்ணி அதையும் கட்டுவதற்குத் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள் ஒரு சிறுபெண். அவளைக் குறை சொல்ல மாட்டோம். யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் ரசீதுக்காக நின்றிருந்தோம்.

உடல் பேசாமல் போவதன் சரித்திரம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. அதற்குமுன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். 1947இல் அங்கிருந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வேலூரிலிருந்து ஓர் எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். மடங்கிப்போன விரல்களுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செயலற்றது என்று எண்ணிய அந்தக் கையின் பிடியில் வலி தாங்காமல் துடித்தது மருத்துவர்தான். பிடிப்பவருக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. அந்தக் கையில் வலு இருந்தது, உணர்ச்சிதான் இல்லை. விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் கவனிக்கப்படாமல் சிதைகின்றன என்று பிராண்ட் பிறகு பல ஆண்டுகள் உழைத்து நிறுவினார்.

வகுப்பில் வலியைத் துன்பம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். திருமணியில் அது காவல்காரன். அந்தக் காவல் போன உடலோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தால் எப்படித் தோன்றும்? உள்ளங்கை வெந்திருக்கிறது, முகத்தில் வேதனை இல்லை. காயம் மூன்று நாள் பழையது. "ஏன் உடனே வரவில்லை?" என்றால், "தெரியலீங்க" என்கிறார். காலங்கடந்து கொண்டுவருவதும் காயத்துக்கும் கதைக்கும் பொருந்தாமையும் கொடுமையின் அடையாளங்கள் என்று பாடத்தில் இருக்கின்றன. குடிபோதை, மனநோய், பொய் என்று எதையும் நினைக்கலாம். சுற்றியுள்ள தோலை ஒரு பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இன்று மரத்த பாதங்கள் அதிகம் இருப்பது சர்க்கரை நோயாளிகளிடம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் மாமல்லபுரத்து வெயிலில் நடந்து பாதம் வெந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களில் சிலருக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வருகிறது. வெறும் வியர்வையும் களைப்பும்தான்.

சர்க்கரை தாழ்ந்தவருக்கும் குடித்தவருக்கும் உள்ள ஒற்றுமை கொடுமையானது. நாக்குழறல், தள்ளாட்டம், எரிச்சல், அர்த்தமில்லாத சண்டை. ஒருமுறை திருக்கழுக்குன்றம் பேருந்து நிலையத்தில் ஒருவர் அப்படிச் சரிந்து கிடந்தபோது கூட்டம் விலகிப் போனது. "பட்டப்பகல்லயே ஏத்திக்கினான் பாரு" என்று ஒரு குரல். சட்டைப்பையில் இன்சுலின் அட்டை இருந்ததை ஒரு பூக்காரம்மா எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், சில விநாடி, அவ்வளவுதான் அந்தச் சோதனை. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. வலிப்பு அடங்கியபின் வரும் குழப்பத்தில் அவர் கையை உதறினால் முரடர் என்று அமுக்கிப் பிடிக்கிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவரின் ரத்தக்குழாய் இணைத்த கையில் ஊசி குத்தக்கூடாது, ரத்த அழுத்தப் பட்டையும் கட்டக்கூடாது. நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு விபத்து நேர்ந்தால் அந்த மருந்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும், நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. இதெல்லாம் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைக்கக்கூடிய நான்கு வரிகள். 108 வாகனங்கள் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. வண்டியும் பணமும் வந்துவிட்டன. அந்த நான்கு வரிகளை நாம்தான் இன்னும் எழுதவில்லை.

ஆனால் சீட்டில் எழுத முடியாதவை இருக்கின்றன.

எங்கள் தலைமுறை, "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்ற செய்தியைத் தினசரியில் படித்தே வளர்ந்தது. மருமகள் பற்றவைக்கும்போது மட்டும் வெடிக்கும் ஸ்டவ் அது, மாமியாரிடம் சாதுவாக இருக்கும். கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சிணைச் சாவுக்கான 304பி பிரிவு 1986இலும் வந்தன. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அவற்றின் எண்கள் மாறிவிட்டன, பொருள் இருக்கிறது. அதுவரை எத்தனை பதிவேடுகளில் "ஸ்டவ்" என்ற ஒரு சொல் அப்படியே ஏற்கப்பட்டிருக்கும்? தீக்காயத்தோடு வந்தவள் சொன்னாளா, கூட்டிவந்தவர்கள் சொன்னார்களா?

அகப்பாடல்களுக்குக் கீழே இது யார் கூற்று என்று ஒரு குறிப்பு இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. அதைப் பார்க்காமல் பொருள் சொன்னால் பரீட்சையில் மதிப்பெண் குறைப்போம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடும் (ஏ.ஆர். புத்தகம் என்பார்கள்) அப்படிப்பட்ட ஒரு நூல்தான். அழைத்து வந்தவர் யார், எப்படி நேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது என்றெல்லாம் எழுதவேண்டும். "சொல்லப்படுகிறது" என்ற அந்தச் செயப்பாட்டு வினைக்குள் எழுவாய் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம்!

வெறியாட்டுத் துறையும் நினைவுக்கு வருகிறது. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது. தாய் பார்ப்பது அறிகுறிகளை மட்டும். வேலனைக் கூப்பிடுகிறாள், அவன் முருகன் அணங்கினான் என்கிறான், ஆடு பலியாகிறது. நோய்க்காரணம் தெரிந்த ஒருத்தி அருகிலேயே நிற்கிறாள், தோழி. அவள் உண்மையை வெளிப்படுத்துவதற்கு இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் அதுதான். தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம் என்று ஒரு வரிசை உண்டு. அந்தச் செவிலி வளர்ப்புத்தாய். இன்று அந்தச் சொல் மருத்துவமனைச் சீருடையில் இருக்கிறது. இந்தப் பெயரை வைத்தவர் இதையெல்லாம் நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் அன்றிரவு கதவைச் சாத்தியவரை நினைத்தால் பெயர் பொருந்தித்தான் போகிறது. தோழி இடத்தில் நின்றிருக்க வேண்டிய நாங்கள் வேலனின் பக்கத்தில் நின்றோம்.

குழந்தைகள் விஷயத்தில் மருத்துவ உலகமே நெடுநாள் வேலனாக இருந்தது. மண்டைக்குள் ரத்தக்கசிவும் நீண்ட எலும்புகளில் முறிவுகளும் சேர்ந்திருக்கும் குழந்தைகளை 1946இல் ஜான் காஃபி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார். காரணத்தை உரக்கச் சொல்ல 1962இல் ஹென்றி கெம்பி வரவேண்டியிருந்தது. பெற்றோர் அடிப்பார்கள் என்பதை நம்ப மருத்துவர்களுக்கே மனமில்லை. நடக்கப் பழகாத குழந்தைக்குத் தொடையெலும்பு முறிந்திருந்தால் அங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். அவசரப்பட்டுத் தீர்ப்பும் எழுதக்கூடாது. ஹீமோஃபீலியா உள்ள பையனுக்குத் தொட்ட இடமெல்லாம் கன்றும். எலும்பு நொறுங்கும் பிறவிக் குறை உள்ள குழந்தைக்குத் துணி மாற்றும்போதே முறியும். நம் குழந்தைகள் பலர் முதுகில் பிறக்கும்போதே நீலத்திட்டு இருக்கும். மஞ்சள்காமாலைக்கு என்று போட்ட சூட்டைக் கொடுமை என்பதா, அறியாமை என்பதா? தழும்பு ஒன்றுதான். கேட்டால்தான் தெரியும், அதுவும் தனியாகக் கேட்டால்.

குறைபாடும் கொடுமையும் சேரும் இடம் இன்னும் இருட்டானது. 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் காது கேளாத ஒரு சிறுமிக்கு அவள் குடியிருந்த அடுக்ககத்திலேயே வேலை பார்த்தவர்கள் மாதக்கணக்கில் இழைத்த கொடுமை வெளியே வந்தது. 2020 பிப்ரவரியில் பதினைந்து பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் முதலில் சொன்னது தன் அக்காவிடம். இத்தகைய குழந்தை வயிற்றுவலி என்று வந்தால், சாப்பிடவில்லை என்று வந்தால், "அது அப்படித்தான் டாக்டர், எப்பவும் அடம்" என்று வீட்டார் சொல்வதுண்டு. எல்லாவற்றையும் ஊனத்தின் கணக்கில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

குழந்தை என்றால் சட்டம் தயங்க இடம் தரவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். வயதுவந்த பெண்ணுக்கு அப்படியில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மருத்துவமனை அவளுக்கு உதவவேண்டும் என்கிறது, 181 என்ற எண் இருக்கிறது. வழக்கு வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை அவள்தான் சொல்லவேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஆய்வாளர் வீடு தேடி வந்து, மற்றவர்களை விலக்கிவிட்டு, தனியே கேட்டபோது சொன்னது அது.

எங்கள் வீட்டில் வேலை செய்பவள் அன்று புகார் வேண்டாம் என்றாள். காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. ஒரு காவலர் எங்கள் வீட்டுக்கும் வந்து, "நீங்கதானே கூட்டிப் போனது, படியில வுழுந்தான்னு சொன்னது?" என்று கேட்டார். நாங்கள் பார்க்கவில்லை, அப்படிச் சொன்னது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஆனால் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் எங்கள் படியும் இருக்கிறது, அதன்கீழ் வேறு கையெழுத்தில், தனியாக விசாரித்தபோது நோயாளி சொன்னதும் இருக்கிறது. 181 என்ற எண்ணைச் செவிலியர் தாளில் எழுதிக் கொடுக்கவில்லையாம். மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னாராம்.

ஒன்றரை மாதம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபின் வேலைக்கு வந்தாள். இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள். சில மாதம் அங்கே, சில மாதம் இங்கே என்று போய் வந்து, கடைசியில் அங்கேயே தங்கிவிட்டாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று நாங்கள் ஒருநாள் கேட்டோம். கேட்டிருக்கக்கூடாத கேள்விதான். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபடி அவள் திருப்பிக் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் எங்க வூட்டுப் படிய எப்பக்கா பாத்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் இருந்தது. பிறகு அவளே சொன்னாள், "எங்க வூட்டுக்குப் படியே கிடையாதுக்கா."